எதற்கு ‘ஏபிள்’? – ஓர் ஆங்கிலப் பெயரடை குறித்துச் சில குறிப்புகள்

1

மாற்றுத் திறனாளிகளின் உரிமைக்காக வேலை செய்யும் நண்பர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் ஆங்கிலத் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழில் பெயர்த்துக் கொடுத்தேன். ‘ஏபிள்-பாடீட்’ என்கிற கூட்டுப் பெயரடை அதில் பக்கத்துக்கு இரண்டு தடவையாவது வந்தது. அதிகம் யோசிக்காமல் ‘திடகாத்திரமானவர்கள்’ என்று போட்டுவிட்டேன். கூட்டத்தில் அதை வாசித்த தோழர், காலிப்பர் போட்டு நடப்பவர், பாதியில் நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தோழர், திடகாத்திரமானவங்கன்னு போட்டிருக்கீங்களே, அது யாரு, நீங்களா? பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்து வந்ததுக்கே உங்களுக்கு இப்படி மூச்சு வாங்குது.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் குறிப்புகளை எழுத வைத்தது: “இந்த வார்த்தையை யாரு யாரைப் பாத்து சொல்றாங்கன்னு மொதல்ல பாருங்க. அப்புறமா தமிழ்ப்படுத்துங்க.”

மொழிபெயர்ப்பு பற்றிப் பேசுகிற நம் சிறுபத்திரிகைக்காரர்கள் பெரும்பாலும் கோட்பாட்டுக் கலைச்சொற்களோடுதான் மல்லுக்கட்டுகிறோம். சட்டத்திலும் ரேஷன் அட்டையிலும் மருத்துவச் சான்றிதழிலும் உட்கார்ந்திருக்கிற சாதாரணப் பெயரடைகளை யாரும் கட்டுடைப்பதில்லை. மனிதர்களின் சோற்றைத் தீர்மானிப்பதென்னவோ இவைதான்.

2

முதலில் இலக்கணம். ‘ஏபிள்’ என்றால் இயலும், முடியும். ‘இயலும்’ என்றதுமே ‘எதற்கு?’ என்ற கேள்வி வந்துவிடும். நடக்க இயலும், சுமக்க இயலும், எழுத இயலும். கெட்டிக்காரர் என்ற பொருளில் ‘ஏபிள்’ நிர்வாகி, ‘ஏபிள்’ வக்கீல் என்று சொல்லும்போதும், எந்தக் காரியத்தில் என்பதைப் பக்கத்திலிருக்கும் பெயர்ச்சொல் சொல்லிவிடுகிறது. ‘பாடீட்’ என்பதன் கடைசியில் உள்ள விகுதி இறந்தகாலம் காட்டுவதல்ல, ‘உடைய’ என்று பொருள்படுவது. நீலக் கண்ணுடைய, நீளக் கையுடைய என்பதைப்போல ‘இயலும் உடலையுடைய’. நீலக் கண்ணில் நீலம் கண்ணிலேயே இருக்கிறது, பார்த்தால் தெரியும். ‘இயலும் உடல்’ என்பதில் இயலுதல் உடம்பில் எங்கே இருக்கிறது? ‘எதற்கு?’ என்ற கேள்விக்கான இடத்தை இந்தக் கூட்டுச்சொல் அடைத்துவிட்டது. ஒரு செயலோடு உள்ள உறவாக இருந்தது, உடம்பின் குணம்போலத் தோற்றம் கொள்கிறது. விழுங்கப்பட்ட அந்த ‘எதற்கு’ காணாமல் போவதில்லை. சொல்பவனின் கையில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அமெரிக்கக் காங்கிரஸ் 1792இல் இயற்றிய குடிப்படைச் சட்டத்தைப் பாருங்கள். படையில் சேரவேண்டியவர் யார் என்பதற்கு அது பெயரடைகளை வரிசையாக அடுக்குகிறது: சுதந்திரமான, ஏபிள்-பாடீட், வெள்ளை, ஆண். இங்கே ‘எதற்கு’ என்பதற்கு விடை, துப்பாக்கி தூக்க. உள்நாட்டுப் போர்க்காலத்துக்குப் பின் ‘வெள்ளை’ உதிர்ந்தது, ‘சுதந்திரமான’ தேவையற்றுப் போனது. குடிப்படையை வரையறுக்கும் இன்றைய அமெரிக்கச் சட்டத்திலும் ‘ஏபிள்-பாடீட்’ ‘ஆண்’ இரண்டும் இருக்கின்றன. நிறத்தின் பேரில் கட்டிய வேலி அரசியலானது என்று ஒத்துக்கொண்டவர்களுக்கு உடம்பின் பேரில் கட்டிய வேலி இயற்கையாகவே படுகிறது.

கப்பலில் இன்னொரு விசித்திரம். ‘ஏபிள் சீமன்’ என்பது தொழில் தேர்ந்த மாலுமிக்கான பதவிப் பெயர். பாய்மரமும் கயிறும் கைவந்தவன் என்று அர்த்தம். அதன் இரண்டெழுத்துச் சுருக்கத்தைப் பலர் ‘ஏபிள்-பாடீட்’ என்று விரித்து வாசிக்கிறார்கள். கற்றுத் தேர்ந்த திறமை, வெறும் தேகபலமாகிவிடுகிறது. உழைப்பவனின் அறிவை உடம்பாக மட்டும் பார்க்கிற பழக்கம் நமக்குப் புதிதல்ல. சாதி அதைத்தான் காலங்காலமாகச் செய்து வந்திருக்கிறது.

3

இந்தச் சொல்லின் சொந்த வீடு இங்கிலாந்தின் ஏழைகள் சட்டம். கொள்ளைநோயில் மக்கள் செத்து, ஆள் கிடைக்காமல் கூலி ஏறியபோது, 1349இல் போட்ட உத்தரவு, வேலை செய்யக்கூடிய பிச்சைக்காரருக்குப் பிச்சை போடுவதைத் தடை செய்தது. 1531இல் வந்த சட்டம், இயலாதவர்கள் உரிமம் பெற்றுப் பிச்சையெடுக்கலாம், மற்றவர்களை வண்டியில் கட்டிச் சவுக்கால் அடிக்கவேண்டும் என்றது. 1547இல் மார்பில் சூட்டுக்கோல் வைத்து இரண்டாண்டு அடிமையாக்கவும் சட்டம் வந்து, மூன்றாண்டுகளுக்குள் வாபஸானது. அந்தக் காலத்தில் இவர்களுக்கு இருந்த ஆங்கிலப் பெயரை நம் பேச்சுத் தமிழில் நன்றாகவே சொல்லலாம்: ‘தடிமாட்டுப் பிச்சைக்காரன்’. நிலத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள்தான் இப்படிக் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள் என்பதை ‘மூலதனம்’ முதல் தொகுதியின் கடைசிப் பகுதியைப் படித்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. 1601ஆம் ஆண்டுச் சட்டம் நொண்டி, குருடர், கிழவர் என்று பட்டியலிட்டு, ‘வேலை செய்ய இயலாத’ ஏனையோரையும் சேர்த்துக்கொள்கிறது. ‘எதற்கு’ என்பது அங்கே வாக்கியத்தில் வெளிப்படையாக நிற்கிறது. 1834ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்கு வரும்போது ‘ஏபிள்-பாடீட்’ ஆட்கள் என்று கூட்டுச்சொல்லே போதுமானதாகிவிடுகிறது. சட்டம் இதற்கு வரைவிலக்கணம் தரவில்லை. ‘ஊனமுற்ற அரசு’ என்ற பொருள்படும் தலைப்பில் 1984இல் புத்தகம் எழுதிய டெபோரா ஸ்டோன் இதைச் சரியாகப் பிடித்தார்: குழந்தை, நோயாளி, பித்துப்பிடித்தவர், உறுப்புக் குறையுள்ளவர், முதியவர் என்று ஒவ்வொரு வகையாகக் கழித்துக்கொண்டே வந்து, மிஞ்சுகிறவர்தான் ‘ஏபிள்-பாடீட்’. ஆக, இந்தச் சொல்லுக்கென்று நேரான உள்ளடக்கம் கிடையாது. இது ஒரு கழிவு, கணக்கில் வருகிற மீதி.

அந்த மீதிக்கு என்ன செய்தார்கள்? நிவாரணம் வாங்குகிற ஏபிள்-பாடீட்டின் நிலைமை, வெளியே ஆகக் கீழ்நிலையில் உழைக்கிற சுதந்திரக் கூலியின் நிலைமையைவிட மோசமாகத்தான் இருக்கவேண்டும் என்பது 1834 அறிக்கையின் தத்துவம். சாட்விக்கும் நாசவ் சீனியரும் அதை வடித்தார்கள். உதவி வேண்டுமென்றால் ‘ஒர்க்ஹவுஸ்’ எனப்பட்ட வேலைக்கூடத்துக்குள் வா. புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். 1847ஆம் ஆண்டு விதிகள் உள்ளேயிருப்போரை 7 வகையாகப் பிரித்தன. ஆண்களுக்குக் கல்லுடைப்பு, பழைய கப்பல் கயிற்றைப் பிரித்து நாராக்குவது. பெண்களுக்குத் துவைப்பும் துடைப்பும். ஆண்டோவர் என்ற ஊரின் வேலைக்கூடத்தில் உரத்துக்காக எலும்பு இடித்தவர்கள், பசி தாளாமல் அந்த எலும்பில் ஒட்டியிருந்ததைக் கடித்துத் தின்றது 1845இல் அம்பலமானது.

இந்தப் பெயரடையின் பெரிய பொய் ஒன்று உண்டு. உடம்பு இருந்தால் வேலை இருக்கும் என்று அது அனுமானித்துக்கொள்கிறது. 1834க்கு முன் தென்னிங்கிலாந்தில் நிவாரணம் வாங்கிய ஏபிள்-பாடீட் ஏழைகளில் பெரும்பகுதி விவசாயக் கூலிகள். வேலை செய்தும் கூலி ரொட்டிக்குப் போதாதவர்கள். 1860களின் முற்பாதியில் அமெரிக்கப் போரால் பருத்தி வரத்து நின்றபோது லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். உடம்பில் ஒரு குறையும் கிடையாது. பஞ்சுதான் இல்லை. நூலில் பழகிய விரல்களைக் கல்லுடைக்க வைத்தார்கள். பஞ்சில்லாத குறை அவர்கள் உடம்பின் மேல் வைத்துப் பரிசோதிக்கப்பட்டது.

4

அந்தக் கல்லுடைப்பு நம்மூருக்கும் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன் பூட்டன்கள் சொன்ன 1876-78 பஞ்சத்தின்போது, செலவைக் குறைக்கச் சொல்லி லிட்டன் பிரபு ரிச்சர்ட் டெம்பிளை 1877 ஜனவரியில் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். நிவாரண வேலையில் ஈடுபட்ட ஆணுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம், கூடக் கொஞ்சம் சில்லறை என்பது அவர் கொண்டுவந்த கூலி. மாகாணச் சுகாதார கமிஷனர் கார்னிஷ், இதைத் தின்று மண் வெட்டினால் ஆள் பிழைக்கமாட்டான் என்று வாதாடினார். அதே ஆண்டு மே மாதம் கூலியைக் கூட்டினார்கள். சென்னையில் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே பக்கிங்ஹாம் கால்வாயின் இணைப்புப் பகுதி வெட்டப்பட்டது இந்தப் பஞ்சத்தின் நிவாரண வேலையாகத்தான்.

1880ஆம் ஆண்டுப் பஞ்சக் கமிஷனும் 1883இல் வந்த பஞ்ச விதிகளும் இதையே முறையாக்கின. உழைக்கக்கூடியவருக்கு வேலை வழியாகத்தான் சோறு, இயலாதவருக்கு இலவச நிவாரணம். லண்டனின் இருமை எதிர்வு தமிழ்நாட்டு வெயிலில் வந்து நின்றது. இங்கே அது இன்னொன்றையும் ஏற்றுக்கொண்டது: கோஷா முறையில் வீட்டுக்குள் இருக்கும் ‘மரியாதைக்குரிய’ குடும்பத்துப் பெண்கள் வேலைத்தளத்துக்கு வரவேண்டியதில்லை, வீட்டிலேயே உதவி பெறலாம். அவர்கள் உடம்பு இயலாத உடம்பா? அந்தஸ்து அதை இயலாததாக்கித் தந்தது. ஆக, எந்த உடம்பு ‘ஏபிள்’ என்பதை உடம்பு சொல்லவில்லை.

5

இப்போது தோழரின் கேள்விக்கு வருகிறேன். நம்மூரில் இதை யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள்? ‘திடகாத்திரம்’ வடமொழிக் கூட்டு. உறுதியான தேகம் என்பதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. அது பாராட்டு. அதில் ஒருத்தரை வேலைக்கு விரட்டுகிற தொனி இல்லை. ‘உடல்வலிமையுள்ள’ என்பதும் அப்படித்தான். அந்த ஆங்கிலப் பெயரடையின் சரியான தமிழ் நம் அகராதிகளில் இல்லை, பஸ் ஸ்டாண்டில் இருக்கிறது: “கை கால் நல்லாத்தானே இருக்கு, ஒழைச்சுச் சாப்பிட வேண்டியதுதானே?” கவனியுங்கள், இது வர்ணனை மாதிரி ஆரம்பித்துக் கட்டளையாக முடிகிறது. ‘தானே’ என்கிற அந்த ஒட்டு இருக்கிறதே, அது ஒரு மருத்துவ போர்டுக்குச் சமம். ஒரு நொடி மேலும் கீழும் பார்ப்பது, தீர்ப்பு வழங்குவது, சில்லறையைப் பைக்குள் திருப்பிப் போட்டுக்கொள்வது. அந்த ஆளுக்கு இருதயக் கோளாறா, சர்க்கரையா, மனநோயா, மூன்று நாளாக வேலை கேட்டு அலைந்தவரா, எதுவும் தேவையில்லை. சமயத்தில் நானும் இதைச் சொல்லியிருக்கிறேன். இதை வாசிக்கிற நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

இந்த வாக்கியம் எல்லோரையும் பார்த்துச் சொல்லப்படுவதில்லை. உஞ்சவிருத்திக்குச் சொம்போடு வந்தவரைப் பார்த்து யாரும் கை காலைப் பற்றி விசாரித்ததில்லை. திண்ணையில் சாய்ந்தபடி குத்தகை வாங்கித் தின்ற பண்ணையாருக்கும் கை கால் நன்றாகத்தான் இருந்தது. இங்கிலாந்திலும் அதே கதைதான். வேலைவெட்டி இல்லாத பிரபுவை ‘ஏபிள்-பாடீட்’ என்று எந்த அறிக்கையும் எழுதவில்லை. உழைக்கப் பிறந்தவர்கள் என்று ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டவர்களை நோக்கி மட்டுமே இந்தச் சொல் நீள்கிறது.

இதற்கு எதிரே தமிழ்ப் பேச்சில் இன்னொரு சொல் இருக்கிறது: ‘முடியல’. “ஒடம்புக்கு முடியல”, “எனக்கு முடியல”. இதில் ஓர் அழகு, ‘எனக்கு’ என்ற நான்காம் வேற்றுமை. முடியாமை எனக்கு நேர்கிறது, அதை நான் சொல்கிறேன். ஆங்கிலப் பெயரடை அடுத்தவர் வாயிலிருந்து வருவது. ‘முடியல’ தன் வாயிலிருந்து வருவது. எல்லா ஆஸ்பத்திரி வரிசையிலும், வேலைத்தளத்திலும், நிவாரண அலுவலகத்திலும் நடக்கிற சண்டை இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே நடப்பதுதான். ‘முடியல’ என்கிறவரை நம்புவதா, ‘நல்லாத்தானே இருக்கு’ என்கிற அதிகாரியை நம்புவதா?

இது பழைய கதை என்று நினைத்துவிடவேண்டாம். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், ‘சார்ந்திருப்போர் இல்லாத ஏபிள்-பாடீட் வயதுவந்தோர்’ என்று நிர்வாக மொழியில் ஒரு வகையே உண்டு. மாதம் 80 மணி நேரம் வேலையோ பயிற்சியோ காட்டாவிட்டால் 3 ஆண்டுகளில் 3 மாதத்துக்குத்தான் உணவு உதவி. தொடக்கத்தில் இது 50 வயதை எட்டாதவர்களுக்கு இருந்தது, 2025ஆம் ஆண்டுச் சட்டம் 64 வரை நீட்டியது. 60 வயதுக்காரரின் மூட்டு ஒரு மசோதாவால் ‘ஏபிள்’ ஆகிவிட்டது. பிரிட்டனில் 2008இல் தொடங்கிய வேலைத்திறன் மதிப்பீடு என்ன செய்தது என்பதை கென் லோச்சின் ‘ஐ, டேனியல் பிளேக்’ (2016) பார்த்தவர்கள் அறிவார்கள். வேலைக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொன்ன இருதய நோயாளித் தச்சரை, வேலைக்குத் தகுதியானவர் என்று ஒரு மதிப்பெண் பட்டியல் சொல்லிவிடுகிறது.

6

எதிர்வாதம் ஒன்றைச் சந்தித்தாகவேண்டும். இந்தச் சொல் எப்போதும் அதிகாரத்தின் பக்கம்தான் நிற்கிறதா? இந்திய நீதிமன்றங்களில் ஜீவனாம்ச வழக்குகளைப் பாருங்கள். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு போதிய வசதி உள்ள கணவனைத்தான் குறிப்பிடுகிறது (2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 144ஆம் பிரிவு). “எனக்கு வருமானமே இல்லை” என்று கணவன் கைவிரிக்கும்போது, ஏபிள்-பாடீட் ஆண் சம்பாதிக்கக்கூடியவன் என்றே அனுமானிக்கவேண்டும் என்று 1968இல் டில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. உடலுழைப்பு செய்தாவது சம்பாதித்துக் கொடுக்கவேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. கைவிடப்பட்ட பெண்ணுக்கும் குழந்தைக்கும் சோறு வாங்கித் தருகிற வேலையை இங்கே இதே பெயரடை செய்கிறது. இதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனாலும் இங்கும் அதே இலக்கணம்தான்: கழுத்தைப் பிடித்துக் கேட்பது உடம்பை. வேலை கிடைக்குமா என்பது கேள்வியாவதில்லை. பெண்ணின் உரிமைக்கு அரசு நேரடியாகப் பொறுப்பேற்காத இடத்தில், ஆணின் உடம்பு பிணையாக வைக்கப்படுகிறது.

இந்தச் சொல்லை விட்டுவிட்டும் சட்டம் எழுதலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. 2004இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி வெளியிட்ட குறைந்தபட்சப் பொதுத் திட்டம், வீட்டுக்கு ஒரு ‘ஏபிள்-பாடீட்’ ஆளுக்கு 100 நாள் வேலை என்று வாக்களித்தது. 2005இல் சட்டம் இயற்றப்பட்டபோது அந்த இடத்தில் வேறு சொற்கள் வந்தன: திறன் தேவைப்படாத உடலுழைப்புக்குத் தாமாக முன்வரும் வயதுவந்தோர். பெயரடை போய் வினைச்சொல் வந்தது. அடுத்தவர் அளப்பது போய், தானே முன்வருவது வந்தது. நம் கிராமங்களில் நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியோடு வந்து நின்ற கிழவிகளை ‘ஏபிள்-பாடீட்’ என்று எந்த டாக்டரும் எழுதித் தந்திருக்கமாட்டார். “நான் வரேன்” என்று அவர்கள் சொன்னது போதுமானதாக இருந்தது. ஒரு சட்டத்தில் ஒரு சொல் மாறினால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

7

கடைசியாக, நான் சறுக்கிய இடம். ஊனமுற்றோர் இயக்கம் இந்தச் சொல்லைத் திருப்பிப் பிடித்தது. 1976இல் பிரிட்டனில் ‘உடல் ஊனமுற்றோர் பிரிவினைக்கு எதிரான ஒன்றியம்’ தன் அடிப்படைக் கோட்பாடுகளை வெளியிட்டபோது, உறுப்புக் குறை வேறு, ஊனம் வேறு என்றது. குறை உடம்பில், ஊனமோ அந்த உடம்புக்கு இடம் தராத சமூகத்தில். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான விக் ஃபின்கல்ஸ்டீன், தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிராக நின்று சிறை சென்றவர் என்பது தற்செயலல்ல. இயக்கத்தின் வாயில் ‘ஏபிள்-பாடீட்’ ஒரு பெயர்ப்பலகையானது. பெயரில்லாமல், இயல்பு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு முதன்முறையாக ஒரு பெயர். ‘தற்காலிகமாக ஏபிள்-பாடீட்’ என்ற கிண்டலும் அங்கே பிறந்ததுதான். வயதோ விபத்தோ வரும்வரைக்கும்தானே! ராபர்ட் மக்ரூயர் 2006இல், கட்டாய எதிர்பால்விழைவு பற்றி ஏட்ரியன் ரிச் சொன்னதைப் பின்பற்றி, ‘கட்டாய ஏபிள்-உடல்’ பற்றி எழுதினார்.

தமிழில் நாம் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கினோம். ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத் திறனாளி’ வந்தது. ‘திறன்’ என்னும் சொல்லை அந்தப் பக்கத்துக்குக் கொடுத்தோம், நல்லது. ஆனால் இந்தப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பேச்சில் ‘நார்மல்’ என்கிறோம். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி 40 விழுக்காடு குறைபாடு என்று சான்றிதழ் வாங்கினால்தான் இடஒதுக்கீடு. 39 விழுக்காட்டுக்காரர் யார்? அவரைத் திடகாத்திரமானவர் என்பதா? 1834இன் கழித்தல் கணக்கு அந்தச் சான்றிதழ் வரிசையில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஒரே ஆங்கிலச் சொல் என்பதற்காக ஒரே தமிழ்ச் சொல் போடவேண்டுமென்று கட்டாயமில்லை என்பதே என் முடிவு. இயக்கப் பிரதிகளில் ‘ஊனமற்றோர்’ என்றே எழுதலாம். அதில் பெருமை ஏதுமில்லை, ஒரு ‘அற்ற’ மட்டும் இருக்கிறது. இதுவரை மற்றமையின் மேல் ஒட்டிவந்த எதிர்மறை, இப்போது மையத்தின் மேல் ஒட்டட்டும். சட்டம், பஞ்சம், நிவாரணம் பற்றிய பிரதிகளில் ‘உழைக்கத் தக்கவரென்று முடிவுகட்டப்பட்டோர்’ என்று எழுதவேண்டும். நீளம்தான், நாக்கில் தட்டும்தான். ஆனால் முடிவு கட்டியவன் ஒருவன் இருக்கிறான் என்பதும், உழைக்க என்கிற அந்த ‘எதற்கு’வும் அதில் மறையாமல் இருக்கின்றன. ஆங்கிலம் விழுங்கியதை மொழிபெயர்ப்பு துப்பவைத்தால் தப்பில்லை.

திருத்திய பிரதியைத் தோழரிடம் கொடுத்தேன். ‘ஊனமற்றோர்’ என்பதைப் படித்துவிட்டுச் சொன்னார்: “சரி தோழர். ஆனா அடுத்த பதிப்புக்குள்ள உங்களுக்கு மூட்டு வலி வந்துடும். அப்ப உங்க பேரை எந்தப் பக்கம் போடுறது?” அந்தக் கேள்விக்கு இடம் இருக்கிற மாதிரி ஒரு சொல் இன்னும் என்னிடம் இல்லை. வாசிக்கிறவர்கள் யாருக்காவது கிடைத்தால் எழுதுங்கள்.